வாசலின் மேல் ஒரு புற்சிலுவை: அயர்லாந்து வழக்கம் அறிந்தவர்கள் விளக்குவீர்களா?

கேள்வி (கோப்பாய்)
டப்ளினில் வேலை செய்யும் என் அக்கா, விடுமுறைக்கு வந்தபோது புல்லால் பின்னிய நான்கு கைச் சிலுவை ஒன்றைக் கொண்டுவந்து, வாசலில் மாவிலைத் தோரணத்துக்கு அருகே கட்டிவிட்டுப் போனார். புனித பிரிஜிட்டின் சிலுவை என்பதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. எங்கள் வாசிகசாலை இதழில் இதைப் பற்றி எழுத விரும்புகிறேன். இதை எப்போது, எதற்காகப் பின்னுகிறார்கள்? வேறு திருநாட்களுக்கும் இத்தகைய வழக்கங்கள் உண்டா?

பதில் (சுன்னாகம்)
பிரிஜிட் திருநாள் பெப்ரவரி 1. முந்திய நாள் மாலையிலேயே, நமது பன்புல்லை ஒத்த சதுப்புநிலப் புல்லை வெட்டாமல் கையால் பிடுங்கி வருவது முறை. வடபகுதியான அல்ஸ்டரில், வீட்டுப் பெண்ணொருத்தி புற்கட்டுடன் வெளியே நின்று, "முழந்தாளிடுங்கள், கண்களைத் திறவுங்கள், பிரிஜிட்டை உள்ளே விடுங்கள்" என்று அழைப்பாள். உள்ளிருப்போர் அவளை வரவேற்றுக் கதவைத் திறப்பர். உணவருந்திய பின்னரே எல்லோரும் கூடியிருந்து பின்னுவார்கள். இச்சிலுவை வீட்டைத் தீயிலிருந்து காக்கும் என்பது நம்பிக்கை. வைக்கோற் கூரையின் கீழ் வாழ்ந்தவர்களுக்கு அந்த அச்சம் எத்தகையது என்பதை, கிடுகு வேய்ந்த வீட்டில் வளர்ந்த எனக்கு எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை. அன்றிரவு வெளியே போட்டுவைக்கும் துணித்துண்டைப் பிரிஜிட் தொட்டு ஆசீர்வதிப்பார் என்று நம்பி, தலைவலி வந்தால் அதையே தலையில் கட்டுவார்கள். 2023 முதல் இத்திருநாளுக்காக அங்கே பொது விடுமுறையும் உண்டு.

பதில் (அச்சுவேலி)
உருளைக்கிழங்கு பயிரிடுபவன் என்ற முறையில் என் மனத்தில் நின்றது லூனாசா என்னும் அறுவடைக் காலத்து வழக்கமே. ஜூலை மாதக் கடைசி ஞாயிறு வரும்வரை புதுக்கிழங்கைக் கிண்டாமல் பொறுத்திருந்து, அன்றுதான் முதற்கிழங்கை அவித்து வீட்டார் அனைவரும் உண்பார்கள். அதற்கு முன் கிண்டிய வீட்டை, வரவு செலவு அறியாத வீடு என்று ஊர் கருதும். தைப்பூசத்தில் நாம் புதிர் எடுத்துப் புத்தரிசிச் சோறு உண்பதை நினைத்துப் பாருங்கள். ஜூன் 23 இரவு, புனித யோவான் திருநாளுக்கு முன்னதாக மூட்டும் தீயிலிருந்து தணலை எடுத்து, விளைச்சல் வேண்டி வயலில் எறிவதும் உண்டு.

கேட்டவர் (கோப்பாய்)
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அடுத்த பெப்ரவரியில் அக்கா புதிய சிலுவை அனுப்பினால் பழையதைக் கழற்றிவிட வேண்டுமா என்று அம்மா கேட்கிறார்.

பதில் (சுன்னாகம்)
வேண்டியதில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். பழையவற்றை எரித்துவிடும் வீடுகளும் உண்டு. ஆனால் ஆண்டுக்கு ஒன்றாகக் கூரையில் செருகிவைத்து, புகையேறிக் கறுத்த சிலுவைகளை வரிசையாகக் காத்துவந்த வீடுகள் பல இருந்தன.