ட்ரூ வந்தால் ஹோஸ்ட்டுக்குப் போய்ச் சேர்ந்ததா?

பால்மரத்தான்: ஒரு கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினி (கெஸ்ட்), தன்னை ஓட்டும் கணினிக்கு (ஹோஸ்ட்) வேலை இருக்கிறது என்று சிக்னல் அனுப்பும் லினக்ஸ் ஃபங்ஷன் பற்றி செம்பனை நேற்று எழுதியது இது: "கெஸ்ட்டில் விர்ட்கியூ_நோட்டிஃபை ட்ரூ தந்தால் ஹோஸ்ட்டுக்குச் சிக்னல் போய்ச் சேர்ந்தாயிற்று, அப்புறம் பிழை பார்க்க வேண்டியதில்லை." படித்ததும் எரிச்சல்தான் வந்தது. கெஸ்ட்டின் விர்ட்டியோ (மெய்நிகர் சாதனம்) பிசிஐ வழியாக இணைந்திருந்தால், உள்ளே சிக்னலை அனுப்பும் விபி_நோட்டிஃபை கியூ (வேலைகள் நிற்கும் வரிசை) எண்ணை 16 பிட்டாக எழுதிவிட்டு, என்ன நடந்தாலும் ட்ரூ தரும். கோடைத் திறந்து பாருங்கள்.

செம்பனை: அப்படியானால் 2013-ல் அந்த பூலை, அதாவது ட்ரூ அல்லது ஃபால்ஸ் என்ற விடையை, எதற்குக் கொண்டுவந்தார்கள்? ஃபால்ஸ் வந்தால் கியூ உடைந்தது என்று குறிக்கும். வரவில்லை என்றால் உடையவில்லை. அவ்வளவுதான் தம்பி.

பால்மரத்தான்: தம்பி என்று கூப்பிடாதீர்கள், பள்ளியில் உங்களுக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவன். அந்த மாற்றம் ஐபிஎம் எஸ்390 பெருங்கணினிக்காக வந்தது. அங்கே கெஸ்ட், ஹோஸ்ட்டைக் கூப்பிடும் டயக்னோஸ் கட்டளை போடும், ஹோஸ்ட் பிழை எண்ணைத் திருப்பித் தரும், அது ஃபால்ஸ் ஆகும். நம் பிசிஐ-யில் அந்த 16 பிட்டை ஐஓஈவென்ட்எஃப்டி என்ற வசதி ஹோஸ்ட்டின் கர்னலுக்குள்ளேயே (இயங்குதளத்தின் மையப் பகுதி) வாங்கிக்கொண்டு கெஸ்ட்டை ஓட விட்டுவிடும். அதை எடுத்துப் பார்க்க வேண்டிய கியூஎமு (ஹோஸ்ட்டில் கெஸ்ட்டை ஓட்டும் புரோகிராம்) தொங்கிக் கிடந்தாலும் ட்ரூதான்.

கிராணி மகன்: "போய்ச் சேர்வது" என்றால் கர்னல் வரைக்குமா, கியூஎமு வரைக்குமா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

செம்பனை: எஸ்390 நம் ஊர் சுங்கை சிப்பூட்டில் யார் வீட்டில் இருக்கிறது? நான் பொது விதியைச் சொன்னேன். ஃபால்ஸ் வரவில்லை, அதனால் உடையவில்லை.

லாலான்: பொது விதி பேசுகிறவர்தான் ஆலையில் லோரி நிறுக்கும் கணினியை செட்டப் பண்ணினார். அது நின்றுபோய் பழக்குலை லோரிகள் ரோடு வரைக்கும் நின்றதை ஊரே பார்த்தது.

செம்பனை: அன்றைக்கு டிஸ்க் நிறைந்தது, கியூஎமு கெஸ்ட்டை நிறுத்தி வைத்தது. சிக்னலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த வேலை உனக்குக் கிடைக்காத கோபம் மூன்று வருஷமாகத் தீரவில்லை.

லாலான்: வேலை கேட்டு நான் யார் வாசலிலும் நிற்கவில்லை.

பால்மரத்தான்: லோரியை விடுங்கள். மீள முடியாத பிழை என்றால் ஹோஸ்ட், சாதனத்தின் ஸ்டேட்டஸில் 64 என்ற பிட்டைப் போட்டு, ரீசெட் வேண்டும் என்று கெஸ்ட்டுக்கு அறிவிக்க வேண்டும், விர்ட்டியோ 1.0 விதிநூலிலேயே இருக்கிறது. சிக்னல் அனுப்பும்போதே பிழை தெரியும் என்றால் அந்த பிட் எதற்கு? தொங்கிப்போன கியூஎமு அதைக்கூடப் போடாது. கெஸ்ட்டில் வழக்கமாக 120 விநாடி கழித்துத்தான் ஹங் டாஸ்க் (வேலை தொங்கிவிட்டது) எச்சரிக்கை வரும், அதுவரை ட்ரூவை நம்பி உட்கார்ந்திருப்பீர்களா? டிரைவர் எழுதும் பிள்ளைகள் உங்கள் பதிவைப் படிக்கிறார்கள், அதனால்தான் விடமாட்டேன் என்கிறேன்.

செம்பனை: ஃபால்ஸ் வந்த லாக் ஒன்றைக் காட்டுங்கள், பேசலாம்.

பால்மரத்தான்: பிசிஐ-யின் விபி_நோட்டிஃபை ஃபால்ஸ் தரவே தராது என்றுதானே காலையிலிருந்து சொல்கிறேன்!