ஹேர்மிஸ் கப்பலுக்கு நான் இறங்கலாமா?

எங்கள் சுழியோடிக் குழு ஜூலையில் மட்டக்களப்பு போகிறது. ஓப்பன் வாட்டர் என்ற தொடக்கநிலைச் சுழியோட்டப் பயிற்சியை முடித்து நாலு தடவைதான் இறங்கியிருக்கிறேன். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸைப் பார்க்கச் சின்ன வயதிலிருந்தே ஆசை. போகலாமா?

பதில்: இந்த முறை வேண்டாம் தம்பி. அது 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. உங்கள் எல்லை 18. பொழுதுபோக்குச் சுழியோட்டத்துக்கே 40தான். நான் வேறொரு இடத்தில் 38 மீட்டரில் காற்றுமானியைப் பார்த்தேன். முள் தெரிந்தது, எண் தெரிந்தது, ஆனால் எவ்வளவு காற்று மிச்சம் என்பது மண்டையில் ஏறவேயில்லை. நைட்ரஜன் மயக்கம் அது, ஆழத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் மூளையை மந்தமாக்கிவிடும். கூட வந்தவர் என் கையைப் பிடித்து மேலே கூட்டிவந்தார். அந்தப் பிடி இன்னும் மணிக்கட்டில் இருக்கிறது.

பதில்: அண்ணன் சொல்வது சரி. அப்புறம், சளி இருந்தால் இறங்கவே வேண்டாம், காது அடைத்துக்கொள்ளும். கடைசியாக நீரிலிருந்து மேலே வந்த பிறகு விமானம் ஏற 18 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

கேட்டவர்: சரி அண்ணா. நிலாவெளி புறாத்தீவுக்குப் போகிறவர்களோடு சேர்ந்துகொள்கிறேன்.

பதில்: நல்லது. அங்கே கருமுனைச் சுறா வரும், பயப்படாதீர்கள். பவளத்தில் கால் படாமல் மிதந்து பழகுங்கள்.