பாஸ்வேர்ட் அடித்தால் திரையில் தெரியக் கூடாது: உங்களுக்கு நடந்த கூத்துகளைச் சொல்லுங்கள்

கறுப்புத்திரை:

ஆபீசில் ஒரு சின்ன பேக்கப் புரோகிராம் சி-யில் எழுதினேன். கோப்பைப் பூட்ட ஒரு பாஸ்வேர்ட் கேட்க வேண்டும், இரண்டு தடவை வாங்கி ஒப்பிட வேண்டும், அடிக்கும்போது ஒன்றும் தெரியக் கூடாது. அரை நாள் வேலை என்று நினைத்து உட்கார்ந்தேன்.

முதலில் கண்ணில் பட்டது, பாஸ்வேர்டை மறைத்து வாங்கித் தரும் பழைய கெட்பாஸ் ஃபங்ஷன். லினக்ஸ் கையேட்டைத் திறந்தால் முதல் வரியிலேயே காலாவதியானது, பயன்படுத்தாதே என்று இருக்கிறது. யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான 2001 போசிக்ஸ் தரத்திலேயே அது இல்லை. சோலாரிஸ் மாதிரி சில யூனிக்ஸ்களில் 8 எழுத்துக்கு மேல் அடித்தால் மீதியைச் சத்தமில்லாமல் வெட்டிவிடுமாம். 'இப்படியா எழுதுவார்கள்?' என்று சிரித்துக்கொண்டே மூடினேன். (இந்தச் சிரிப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

சரி, டெர்மினலின் (கட்டளை அடிக்கும் ஜன்னல்) அமைப்பை நாமே மாற்ற உதவும் டெர்மியோஸ் வழியில் போனேன். நாம் அடிக்கும் எழுத்தைத் திரையில் காட்டுவது நம் புரோகிராம் இல்லை, கெர்னலுக்குள் (இயங்குதளத்தின் மையப்பகுதி) டெர்மினலைக் கவனிக்கும் டிடிஒய் டிரைவர்தான். அதனால் மறைப்பது என்றால், டெர்மினலின் இப்போதைய அமைப்பை வாங்கி ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, எக்கோ கொடியை (அடித்ததைக் காட்டும் சுவிட்ச்) மட்டும் இறக்கி, வரியைப் படித்து, நகலைத் திரும்பப் போடுவது. பத்து வரி.

டீம் லீட் முன்னால் ஓட்டிக் காட்டினேன். பாஸ்வேர்ட் கேட்கும் இடத்தில் அவர், புரோகிராமை நிறுத்தச் சொல்லும் சிக்னலை அனுப்பும் கன்ட்ரோல்-சி அடித்தார். 'ரத்து செய்யப்பட்டது' என்று அழகாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தது. அப்புறம் என்ன அடித்தாலும் திரையில் விழவில்லை. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் அடித்து என்டர் தட்டினால் பட்டியல் மட்டும் வருகிறது, அடித்தது வரவில்லை. அவர் கீபோர்டு வயரைப் பிடுங்கிச் செருகினார்.

இதில் வேடிக்கை, நான் சிக்னலைப் பிடிக்காமலே விட்டிருந்தால் பாஷ் (நம் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்) காப்பாற்றியிருக்கும். சிக்னலில் ஒரு புரோகிராம் செத்தால் பாஷ் டெர்மினலைப் பழைய நிலைக்கு மாற்றிவிடுகிறது. நான் சிக்னலைப் பிடித்து நாகரிகமாக எக்ஸிட் ஆனதால், வேண்டுமென்றே இப்படி விட்டுப்போகிறான் என்று அது நினைத்துக்கொண்டது. கண்ணை மூடிக்கொண்டு, டெர்மினலைச் சீராக்கும் 'எஸ்டிடிஒய் சேன்' கட்டளையை அடித்து மீண்டேன். இப்போது விடைபெறும் முன் நகலைத் திரும்பப் போட்டுவிட்டுத்தான் கிளம்புகிறது.

உங்கள் கதைகளும் வரட்டும்.

நள்ளிரவு ஷிப்ட்:

அண்ணே, எங்கள் கதை ஷெல் ஸ்கிரிப்ட். உள்ளீடு வாங்கும் ரீட் கட்டளைக்கு மைனஸ் எஸ் போட்டால் அடிப்பது மறைந்துவிடும், என் லேப்டாப்பில் பிரமாதமாக ஓடியது. சர்வரில் 'செல்லாத ஆப்ஷன்' என்று முகத்தில் அடித்தது. எந்த ஷெல்லில் ஓட்டுவது என்று சொல்லும் முதல் வரியில் எஸ்ஹெச் என்று போட்டிருந்தேன். உபுண்டுவில் 2006 முதல் அது பாஷ் இல்லை, டாஷ் என்ற வேறு ஷெல். அதற்கு மைனஸ் எஸ் தெரியாது.

அதைச் சரிசெய்த மறுநாள் இன்னொன்று. பாஸ்வேர்ட் சரி என்று சத்தியம் செய்கிறார் நண்பர், டேட்டாபேஸ் ஏற்கவில்லை. அதில் ஒரு பின்சாய்கோடு இருந்தது. மைனஸ் ஆர் போடாவிட்டால் ரீட் அதைத் தின்றுவிடும். திரையில் தெரிந்திருந்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது, விழுங்கியது அதற்குப் பிறகுதான்.

இதையெல்லாம் விடக் கொடுமை, அதற்கு முன்பு வரை பாஸ்வேர்டைக் கட்டளை வரியிலேயே கொடுத்துக்கொண்டிருந்தோம். ஓடும் புரோகிராம்களைப் பட்டியலிடும் பிஎஸ் அடித்தால் அந்த சர்வரில் கணக்கு வைத்திருக்கும் எவருக்கும் தெரியும்.

ஜாவாக்காரி:

எனக்கு வேலையில் சேர்ந்த முதல் மாதம். கன்சோல் வகுப்பின் ரீட்-பாஸ்வேர்ட் போட்டு எழுதினேன். ஐடிஇ-யில் (கோடு எழுதி ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்) ஓட்டினால் நல்-பாயின்டர் பிழை. ஒரு நாள் முழுக்க என் கோடைக் குடைந்தேன். ஐடிஇ ஜன்னலுக்குப் பின்னால் உண்மையான டெர்மினல் கிடையாது, அதனால் சிஸ்டம்-கன்சோல் நல் (ஒன்றுமில்லை) கொடுத்தது. டெர்மினலைத் திறந்து அதே ஜாரை ஓட்டினேன், ஓடியது.

ரீட்-பாஸ்வேர்ட் ஸ்ட்ரிங் தராமல் எழுத்து அரே (எழுத்துகளின் வரிசை) தருவது ஏன் என்றும் அன்றுதான் தெரிந்தது. வேலை முடிந்ததும் ஒவ்வொரு இடத்தையும் அழித்துவிடலாம், ஸ்ட்ரிங்கை அப்படி அழிக்க முடியாது. நானோ வாங்கிய கையோடு ஸ்ட்ரிங்காக மாற்றியிருந்தேன். ரிவ்யூ செய்த அக்கா ஒரே ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுப் போனார்.

தமிழ்99 விசிறி:

என் பிரச்சினை நம் ஆட்களுக்கு மட்டுமே வரும் என்று நினைக்கிறேன். நண்பருக்குத் தமிழில் சாட் செய்துகொண்டிருந்தேன், நடுவில் தூரத்து சர்வருக்குள் நுழைய எஸ்எஸ்ஹெச் போட்டேன். பாஸ்வேர்ட் தவறு. மறுபடி அடித்தேன். தவறு. மூன்றாவது தடவை ஒவ்வொரு எழுத்தாக, விரலைப் பார்த்து அடித்தேன். தவறு. விசைப்பலகை தமிழ்99-இல் இருந்திருக்கிறது! பிரவுசரில் பாஸ்வேர்ட் கட்டத்துக்குள் போனால் தமிழ் உள்ளீடு தானாக அணைந்துவிடும், அது ரகசியக் கட்டம் என்று அதற்குத் தெரியும். டெர்மினல் ஜன்னலுக்கு எது கட்டளை, எது பாஸ்வேர்ட் என்று எப்படித் தெரியும்?

ஒரு நாள் வேண்டுமென்றே தமிழிலேயே பாஸ்வேர்ட் வைத்துப் பார்த்தேன். மெய்யெழுத்தா உயிர்மெய்யா என்று முடிவாகும் வரை அந்த எழுத்து அடிக்கோட்டோடு கர்சர் இடத்தில் நிற்கும் அல்லவா, அது அடிப்பதை மறைக்கும் பாஸ்வேர்ட் பிராம்ப்டிலும் ஒரு கணம் பளிச்சென்று தெரிந்தது. அதை வரைவது டெர்மினல் ஜன்னல், எக்கோ கொடியை இறக்கியதெல்லாம் அதற்குப் பொருட்டே இல்லை.

இன்னொன்று, எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் நம் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் (புள்ளி, துணைக்கால் போன்றவையும் தனித்தனிக் குறியீடுதான்). உள்ளீடு யூடிஎஃப்-8 என்று டெர்மினலுக்குச் சொல்லும் ஐயூடிஎஃப்8 என்ற கொடி அணைந்திருந்தால் பேக்ஸ்பேஸ் ஒரு பைட்டை மட்டும் அழிக்கும். மற்ற இடமென்றால் குப்பை எழுத்து தெரியும், திருத்திக்கொள்ளலாம். இங்கே எதைப் பார்த்துத் திருத்துவது?

வார இறுதி:

அப்பாவின் பழைய கணினியில் உபுண்டு போட்டுக் கொடுத்தேன். போனில், 'ஒண்ணுமே விழமாட்டேங்குதுப்பா, கீபோர்டு போச்சு போல' என்றார். சூடோவில் (நிர்வாகி உரிமையோடு கட்டளை ஓட்டுவது) அடிக்கும் எழுத்துக்குப் பதில் நட்சத்திரம் காட்டும் அமைப்பைப் போட்டுவிட்டேன், அவருக்கு நிம்மதி. 2020 தொடக்கத்தில் பார்த்தால் அந்த நட்சத்திரம் போடும் பகுதியிலேயே பஃபர் (அடித்ததை வைக்கும் நினைவக இடம்) வழியும் பாதுகாப்பு ஓட்டை. சூடோ 1.8.31 பதிப்பில் அடைத்தார்கள். அப்டேட் போட்டேன், நட்சத்திரத்தை எடுக்கவில்லை. பைத்தான் மொழியின் சொந்த கெட்பாஸிலும் 3.14 பதிப்பு முதல் நட்சத்திரம் வைக்கலாம்.

கறுப்புத்திரை:

தமிழ்99 விசிறி சொன்னதைப் படித்துவிட்டு என் புரோகிராமில் 'அம்மாவுக்கு' என்று அடித்து என்டர் தட்டினேன். மீண்டும் ஒருமுறை கொடுக்கவும் என்று கேட்டது, நான் கை வைக்கும் முன்பே 'இரண்டும் பொருந்தவில்லை' என்றும் சொல்லிவிட்டது. பதினோரு குறியீடு, 33 பைட். நான் வைத்திருந்த பஃபர் 32. முடிவுக்குறிக்கு ஒரு பைட் போக, முதல் 31 பைட்டை முதல் பாஸ்வேர்டாக எடுத்துக்கொண்டு, மிஞ்சிய 2 பைட்டை இரண்டாவதாக எடுத்திருக்கிறது. கெட்பாஸ் எழுதியவர்களிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.