எம்பிஏ இன்டர்வியூ போனவங்க, ரூமுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு எழுதுங்க

பனியன் கம்பெனிக்காரி:

ஐஐஎம் மாதிரி எம்பிஏ காலேஜ்கள்ல இருந்து இன்டர்வியூக்கு கால் லெட்டர் வர ஆரம்பிச்சிருச்சு, தினமும் நாலு பேர் இன்பாக்ஸ்ல வந்து அக்கா என்ன கேப்பாங்க என்ன கேப்பாங்கன்னு கேக்கறீங்க, தனித்தனியா டைப் பண்ணி கை வலிக்குது, அதனால எனக்கு நடந்தத இங்கயே போட்டுடறேன். மத்தவங்களும் உங்க கதைய எழுதுங்க.

நான் பி.காம், ஊரு திருப்பூர், ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில ரெண்டு வருஷம் மெர்ச்சண்டைசர், அதாவது ஆர்டர் பாத்துக்கற வேல. ஐஐஎம் ஃபார்ம்ல கெத்தா "நிட்வேர் எக்ஸ்போர்ட்ஸ்"னு எழுதிட்டேன், வீட்டுல எல்லாருக்கும் அது பனியன் கம்பெனிதான். கோச்சிங் சென்டர்ல மாக் இன்டர்வியூ, அதான் ஒத்திகை, ஆறு முடிச்சிருந்தேன். ஒய் எம்பிஏன்னு கேட்டா சொல்றதுக்கு ஒரு பதில் எழுதிக் குடுத்தாங்க, லீடர்ஷிப், குளோபல் எக்ஸ்போஷர்னு ஒன்றரை நிமிஷம் வரும், தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். பெங்களூர்ல வெயிட்டிங் ஹால்ல பக்கத்து சீட் பையன் வாய்க்குள்ள முணுமுணுத்துட்டு இருந்தான், காது குடுத்துக் கேட்டா அதே பதில்! அவனும் அதே சென்டராம், வேற பிராஞ்ச். அப்பவே வயித்த கலக்கிருச்சு.

காலைல ரைட்டிங் டெஸ்ட், அது பரவால்ல, எழுதிட்டேன். உள்ள ரெண்டு பேர். ஒரு வயசான சார், ஒரு மேடம். நான் ஒய் எம்பிஏக்கு ரெடியா உக்காந்திருக்கேன், அவரு ஃபார்ம பாத்துட்டே என்ன துணி தைக்கறீங்கன்னு கேட்டாரு. டி ஷர்ட் சார். என்ன ஜிஎஸ்எம்? 180 சார். ஜிஎஸ்எம்னா? ஒரு சதுர மீட்டர் துணி எத்தன கிராம்னு சார். நல்லாத்தான் போச்சு. என்ன நூல்? 30ஸ் கோம்டு (சீவி எடுத்த பருத்தி நூல்) சார்னேன். அதுல 30னா என்ன, கிலோவா மீட்டரானு கேட்டாரு பாருங்க, அங்க நின்னேன். நம்பர் ஏற ஏற நூல் மெலிசாகும்னு தெரியும், 30ஸ விட 40ஸ் மெலிசு, அதெல்லாம் சொல்லிட்டேன், ஆனா எது 30னு ரெண்டு வருஷத்துல ஒரு நாள் கூட யோசிச்சதில்ல. தினம் அம்பது மெயில்ல 30ஸ் 30ஸ்னு டைப் பண்ணிருக்கேன். தெரியல சார்னு சொல்லிட்டேன். பரவால்ல, வீட்டுக்குப் போய்க் கண்டுபிடிங்கன்னு சிரிச்சுட்டே சொல்லிட்டாரு, அதுக்கப்பறம் கேட்டதுக்கெல்லாம் ஒழுங்காத்தான் பதில் சொன்னேன், ஆனா என் குரல் எனக்கே கேக்கல.

கொடுமை என்னன்னா எங்கப்பா 22 வருஷமா நிட்டிங் மிஷின் ஃபிட்டருங்க. ராத்திரி பஸ்ல இருந்து போன் பண்ணி கேட்டா மனுசன் மூச்சு விடாம சொல்றாரு. 840 கெஜம் ஒரு சிட்டம், ஒரு பவுண்டு நூல்ல எத்தன சிட்டம் வருதோ அதுதான் கவுண்ட்டு, 30ஸ்னா முப்பது சிட்டம். கணக்கு போட்டுப் பாத்தேன், 25,200 கெஜம், கிட்டத்தட்ட 23 கிலோமீட்டர். அரை கிலோ கூட இல்லாத நூல பிரிச்சு நீட்டினா திருப்பூர்ல இருந்து அவினாசிய தாண்டிப் போயிரும். இதெல்லாம் கேட்டிருந்தா முன்னாடியே சொல்லிருப்பேனே சாமின்னாரு. நான் கேக்கவே இல்லியே.

அடுத்த கால் மூணு வாரம் கழிச்சு, வேற ஐஐஎம். அந்த மூணு வாரம் மாக் எதுக்கும் போகல. தினமும் சாப்பாட்டுக்கு உக்காரும்போது அப்பாதான் பேனல். லூப் லென்த்னா என்ன, ஏன் துணி சுருங்குது, ஆர்டர் ஏன் வங்கதேசத்துக்குப் போகுதுன்னு. கூலி கம்மி அதான்னு சொன்னேன், கூலி மட்டும் இல்ல, அவங்க துணி ஐரோப்பாவுக்குள்ள வரி இல்லாம போகுது, நம்மளுது வரி கட்டித்தான் போகுதுன்னு எங்க கம்பெனி ஷிப்பிங் அண்ணன் சொல்லிக் குடுத்தாரு. ஒரு ஞாயித்துக்கிழம சித்தப்பா கூட சாயப்பட்டறைக்கும் போனேன்.

ரெண்டாவது இன்டர்வியூல கவுண்ட்டு யாருமே கேக்கல (நான் கேளுங்க கேளுங்கன்னு உக்காந்திருந்தேன்). திருப்பூர்னு பாத்ததும் நொய்யல் ஆத்துல சாயக் கழிவு கலந்தத பத்திக் கேட்டாங்க. 2011 ஜனவரில ஹைகோர்ட் சாயப்பட்டறை எல்லாத்தையும் மூடச் சொல்லுச்சில்ல, அது சரியா தப்பான்னு. கரண்ட் அஃபேர்ஸ் புக்ல இருந்து சொல்றதுன்னா சுற்றுச்சூழலும் முக்கியம் தொழிலும் முக்கியம்னு வழவழன்னு சொல்லிட்டு வந்திருப்பேன். நான் சொன்னது இதான்: அப்ப நான் ஆறாவது, சித்தப்பா வேல பாத்த பட்டறைய சீல் வச்சுட்டாங்க, பல மாசம் எங்க வீட்டுலதான் சாப்பிட்டாங்க. ஆனா எங்க அம்மிச்சி (அம்மாவோட அம்மா) ஊரு ஒரத்துப்பாளையம் டேம் பக்கம், நொய்யல்ல வர்ற சாயத் தண்ணி வந்து தேங்குன டேம், அந்தக் கிணத்துத் தண்ணிய மாடு கூட குடிக்காது, லீவுக்குப் போனா பாட்டில்ல தண்ணி கொண்டு போவோம். அதனால கோர்ட் மூடுனது சரின்னுதான் நெனைக்கறேன், ஒரு சொட்டு கழிவு கூட வெளிய விடக்கூடாதுங்கற ரூல் சரி, ஆனா கழிவுத் தண்ணிய சுத்தம் பண்ற மிஷின் போட சின்ன பட்டறைக்கு கடன் எங்க இருந்து வரும்ங்கறத யாரும் முதல்லயே யோசிக்கலன்னு சொன்னேன். அந்த மேடம் பேனாவ கீழ வச்சிட்டு உங்க சித்தப்பா இத ஒத்துக்குவாரான்னு கேட்டாங்க. மாட்டாரு மேடம், இன்னைக்கும் என்கூட சண்டதான்னேன். அதுக்கப்பறம் இன்டர்வியூ மாதிரியே இல்ல, பேசிட்டு இருந்தோம். ஒய் எம்பிஏ கடைசியா கேட்டாங்க, ரெண்டே வரில முடிச்சிட்டேன். முதல் காலேஜ் ரிஜெக்ட், இது கன்வெர்ட், சீட் கெடச்சிருச்சு.

பேங்க்காரன், தஞ்சாவூர் பக்கம்:

தங்கச்சி சொன்னது நூத்துக்கு நூறு. நான் டெல்டால ஒரு கவர்மென்ட் பேங்க் பிராஞ்ச்ல ஆபீசரு. ரெப்போ ரேட், சிஆர்ஆர், எஸ்எல்ஆர்னு ரிசர்வ் பேங்க் சமாச்சாரமா விடிய விடிய படிச்சிட்டுப் போனேன், அதெல்லாம் முதல் ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுது. எத்தன நாள் கட்டலன்னா ஒரு கடன் என்பிஏ, அதாவது வாராக்கடன் ஆகும்னாரு, 90 நாள் சார்னு டக்குன்னு சொல்லிட்டேன். பயிர்க்கடனுக்கும் அதேவான்னாரு. இங்க நம்ம பொழப்பே அதானே, இல்ல சார், குறுகிய காலப் பயிர்னா ரெண்டு போகம், நீண்ட காலப் பயிர்னா ஒரு போகம்னேன். ஏன் அப்படின்னாரு. அறுவடை ஆனாத்தான் சார் காசு வரும், மாசா மாசம் கட்டச் சொன்னா எங்க போவாங்கன்னேன். சரி ஒரு போகம்னா எந்த மாசத்துல இருந்து எந்த மாசம்னாரு.

இங்க இருந்து ஒரே மேட்டூருதான். ஜூன் 12 தண்ணி தொறந்தா குறுவை, தொறக்கலன்னா குறுவை இல்ல, போர்வெல் இருக்கவன் மட்டும் போடுவான், மத்தவன் எல்லாம் சம்பாவுக்கு காத்துக்கிட்டு இருப்பான், அந்த வருஷம் ஜூன்ல எங்க பிராஞ்சுல பயிர்க்கடனுக்கு ஆள் வராது, நகைக்கடன் கவுண்டர்லதான் நிப்பாங்கன்னு சொன்னேன். அவரு விடல, அப்ப உங்க பேங்க் நகைக்கடன் டார்கெட்ட மேட்டூர் அணை மட்டத்த வச்சு போடலாமேன்னாரு. நான் சிரிச்சுட்டேன், அவரும் சிரிச்சாரு, ஆனா அது ஜோக்கு இல்ல, பேப்பர நீட்டி எப்படிப் போடுவீங்கன்னு எழுதிக் காட்டச் சொல்லிட்டாரு. வேர்த்துப்போச்சு. 120 அடி ஃபுல்லு, ஜூன் மாசம் எத்தன அடி இருந்தா தொறப்பாங்கன்னு ஆரம்பிச்சு ஏதோ கிறுக்கினேன். தப்போ ரைட்டோ, 20 நிமிஷம் அதுலயே ஓடிருச்சு.

இன்னொன்னு, இது யாரும் சொல்ல மாட்டாங்க. நம்மூரு தாசில்தார் குடுக்கற பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் ஐஐஎம் இடஒதுக்கீட்டுக்குச் செல்லாது. சென்ட்ரல் ஃபார்மேட்ல ஓபிசி நான் கிரீமி லேயர் (வசதியான பிரிவுல வராத பிற்படுத்தப்பட்டவங்க) சர்டிபிகேட் வேணும், அதுவும் அவங்க கேக்கற தேதிக்கு அப்பறம் வாங்கினதா இருக்கணும். இ-சேவைல போட்டாலும் விஏஓ, ஆர்ஐனு சுத்தி வர நாளாகும். என்கூட வந்த பையன் ஒருத்தன் பழைய சர்டிபிகேட்ட லேமினேஷன் போட்டு எடுத்துட்டு வந்தான், வெரிஃபிகேஷன் டேபிள்ல நின்னு அவன் அப்பாவுக்கு போன் போட்டு அழுதத பாக்க முடியல. இன்னைக்கே அப்ளை பண்ணுங்க.

மெக்கானிக்கல் படிச்ச ஐடி:

நான் பலியானது ஹாபில. ஓஎம்ஆர்ல ஐடி வேல, படிச்சது மெக்கானிக்கல். பெட்ரோல் இன்ஜினோட ஓட்டோ சைக்கிள், டீசல் இன்ஜினோட டீசல் சைக்கிள் வித்தியாசம் எல்லாம் ரிவைஸ் பண்ணிட்டு போனா, ஒரு கேள்வி கூட இல்லங்க. ஹாபில செஸ்னு போட்டிருந்தேன், ஸ்கூல்ல டிஸ்ட்ரிக்ட் லெவல் ஆடினவன்தான், பொய் இல்ல. ஆனா 2025 பிப்ரவரி, குகேஷ் உலக சாம்பியன் ஆகி ரெண்டு மாசம், சென்னைல இருந்து வர்றவன் செஸ்னு எழுதினா சும்மா விடுவாங்களா? குகேஷ் டிங் லிரன தோக்கடிச்ச கடைசி கேம் பாத்தீங்களான்னாரு. பாத்தேன் சார். டிங் லிரன் எங்க விட்டாரு? 55ஆவது மூவ், யானைய எஃப்2 கட்டத்துல வச்சாரு சார். வெரி குட், அது ஏன் தப்பு?

அவ்ளோதான். ரீல்ஸ்ல கமென்டேட்டர் கத்தினதுதான் ஞாபகம் வருது, போர்டு ஞாபகம் வரல. ஒரு நிமிஷம் டைம் கேட்டேன், குடுத்தாரு. கண்ண மூடி யோசிச்சேன், டிங்கோட பிஷப் மூலைல மாட்டிருந்தது ஞாபகம் வந்துச்சு, அங்க இருந்து புடிச்சு, முதல்ல யானைய வெட்டிக்குவாங்க, அப்பறம் பிஷப்பையும் வெட்டிக்க வேண்டி வரும், மிச்சம் ராஜாவும் சிப்பாயும்தான், குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூட இருக்கு சார்னு தட்டுத் தடுமாறி சொன்னேன். தலையாட்டினாரு. உடனே அடுத்தது, ஜெயிக்கற நிலைமைல இருக்கவன் எதிராளி கூட எல்லாத்தையும் வெட்டிக்கறது நல்லதுன்னா, கம்பெனிகளுக்கும் அது பொருந்துமான்னாரு. இதுக்கு எந்த கோச்சிங்ல மெட்டீரியல் தர்றான்? சொதப்பிட்டேன். வெயிட்லிஸ்ட்லயே நின்னு போச்சு.

ஃபோட்டோகிராபி, குக்கிங், ரீடிங்னு சும்மா நிரப்பிருக்கவங்க இப்பவே உக்காந்து பாருங்க. என் ரூம்மேட் ஃபோட்டோகிராபின்னு போட்டு லென்ஸ எஃப் 2.8ல வச்சா வெளிச்சம் அதிகமா எஃப் 8லயான்னு கேட்டதுக்கு எட்டுதான் பெருசுன்னு சொல்லிட்டு வந்தான் (நம்பர் சின்னதா இருந்தாத்தான் வெளிச்சம் அதிகம்). எருமை.

பேர் வேண்டாம்:

நான் பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம், கவர்மென்ட் ஸ்கூலு. இங்கிலீஷ்தான் பயம். மாக்ல எல்லாம் ஃப்ளூயன்சி ஃப்ளூயன்சின்னு மண்டைய கழுவிட்டாங்க, வேகமா பேசணும்னு வேகமா பேசி நானே என்ன சொன்னேன்னு மறந்துருவேன். நிஜ இன்டர்வியூல மெதுவா சின்ன சின்ன வாக்கியமா பேசினேன், ஒரு இடத்துல "கூட்டுறவு சங்கம்"னு தமிழ்லயே வந்துருச்சு, சாரி கேட்டு கோஆப்பரேடிவ் சொசைட்டினு திருத்தினேன், அவங்க கண்டுக்கவே இல்ல. இப்ப செகண்ட் இயர் படிக்கறேன். அவ்ளோதான், பெருசா எழுத வரல.

ராம்நாடு 2001:

அண்ணா அக்கா எல்லாருக்கும் நன்றி. எனக்கு இன்னும் 11 நாள்தான் இருக்கு, பிஇ சிவில், ஃப்ரெஷர், ஒர்க் எக்ஸ்பீரியன்ஸ் சுத்தமா இல்ல. ஊரு ராமநாதபுரம் மாவட்டம். எங்க ஊருல என்ன இருக்கு கேக்கறதுக்கு, வறண்ட காடு.

பனியன் கம்பெனிக்காரி:

தம்பி என்ன இப்படி சொல்லிட்டீங்க. சிவில் படிச்சுட்டு பாம்பன் பாலம் இருக்க ஊருல இருந்து வர்றீங்க, 1914ல கட்டுன பழைய ரயில் பாலத்துல நடுவுல ரெண்டு பக்கமும் கதவு மாதிரி மேல தொறந்துச்சு, புதுசுல நடுப்பாலம் அப்படியே லிஃப்ட் மாதிரி மேல போகும், ஏன் மாத்துனாங்கன்னு கேட்டா சொல்லத் தெரியணும்ல. கமுதில 648 மெகாவாட் சோலார். அப்பறம் உங்க முண்டு மிளகாய், அதுக்கு புவிசார் குறியீடு எல்லாம் வாங்கிருக்காங்க, வாங்குனதுல விவசாயிக்கு கிலோவுக்கு எவ்ளோ ஏறுச்சுன்னு கேட்டா? இத நெட்ல தேடாதீங்க. மிளகா விக்கறவங்க யாராச்சும் சொந்தத்துல இல்லியா?

ராம்நாடு 2001:

எங்க தாய்மாமா பரமக்குடில மிளகா கமிஷன் கடை வச்சிருக்காரு கா. ஆனா அவருக்கும் எங்க வீட்டுக்கும் ரெண்டு வருஷமா பேச்சுவார்த்தை இல்ல.

பனியன் கம்பெனிக்காரி:

11 நாள் இருக்குல்ல. இன்னைக்கே போன போடுங்க.