மகளுக்கு பி.காம்.? பி.ஏ. பொருளியல்? வழிகாட்டுங்கள்

கேள்வி: ஒரு தந்தை, விருதுநகர்

அனைவருக்கும் வணக்கம். நான் விருதுநகரில் பருப்பு வகைகளை மொத்தமாக வாங்கி விற்கும் தொழில் செய்கிறேன். என் மகள் பிளஸ் டூவில் பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல், வணிகக் கணிதம் ஆகிய பாடங்களைப் படித்துத் தேர்வு எழுதியிருக்கிறாள். பி.காம். சேர்த்தால் கடைக்கும் உதவும், சி.ஏ.வுக்கும் உதவும் என்று உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். அவளோ பொருளியல்தான் படிப்பேன் என்று உறுதியாக இருக்கிறாள். இரண்டும் வணிகத்தைச் சார்ந்த படிப்புகளாகவே எனக்குத் தெரிகின்றன. உண்மையில் என்ன வேறுபாடு, பொருளியலை எடுத்தால் பின்னாளில் எந்த வாய்ப்புகள் கைநழுவும் என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற பொருளியல் பேராசிரியர்

வணக்கம் ஐயா. உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். மார்ச் 31 அன்று உங்கள் கிடங்கில் இருக்கும் துவரம் பருப்பை ஏட்டில் என்ன மதிப்புக்குக் காட்டுவது என்பது பி.காம். மாணவி கற்கும் பாடம். அடக்க விலை, விற்றால் நிகரமாகக் கிடைக்கும் தொகை ஆகிய இரண்டில் எது குறைவோ அதைக் காட்ட வேண்டும் என்பதில் தொடங்கி, வரி, கூட்டாண்மை, நிறுமச் சட்டம் என்று அது விரியும். அதே பருப்பு 2015இல் கிலோ 200 ரூபாயை ஏன் தொட்டது, ஈராண்டுக்குள் குறைந்தபட்ச ஆதரவு விலைக்கும் கீழே ஏன் சரிந்தது என்பதுதான் பொருளியல் மாணவி விடை காண முயலும் கேள்வி.

அந்த ஈராண்டுகளைப் போலப் பாடம் நடத்த வாகான காலம் அரிது. 2014, 2015 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பருவமழை குறைந்ததால் நாட்டின் பருப்பு விளைச்சல் ஏறத்தாழ 1.6 கோடி டன்னாக இறங்கியது. விலை ஏறவே, அரசு 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பண்டங்கள் சட்டத்தின்கீழ் வணிகர்களின் இருப்புக்கு வரம்பு விதித்தது. ஏறிய விலையைக் கண்ட உழவர்கள் அடுத்த பருவத்தில் பரப்பைக் கூட்டினார்கள், மழையும் கைகொடுத்தது. 2016-17இல் விளைச்சல் ஏறத்தாழ 2.3 கோடி டன்னை எட்டியதோடு, பெருமளவு இறக்குமதியும் வந்து சேர்ந்ததால் விலை வீழ்ந்தது. இன்றைய விலையைப் பார்த்து விதைப்பதும், விளைந்தது சந்தைக்கு வரும்போது நிலைமை தலைகீழாக மாறியிருப்பதும் மாறி மாறி நிகழ்வதைச் சிலந்திவலைத் தேற்றம் விளக்குகிறது. 2016 செப்டம்பரில் அன்றைய தலைமைப் பொருளாதார ஆலோசகர் அரவிந்த் சுப்பிரமணியன் தலைமையிலான குழு, இருப்பு வரம்பை நீக்குமாறு பரிந்துரைத்தது; வரம்பு இருந்தால் அறுவடைக் காலத்தில் வணிகர் வாங்கி வைக்க இயலாது, அதனால் உழவருக்கே விலை குறையும் என்பது அதன் தருக்கம். அந்த வரம்பு உங்கள் கொள்முதலை எவ்வாறு மாற்றியது என்று உங்கள் மகள் உங்களிடம் கேட்டு எழுதினாலே நல்ல ஆய்வுக்கட்டுரை ஒன்று கிடைத்துவிடும். இத்தகைய கேள்விகளில் அவளுக்கு ஆர்வம் இருக்குமானால் தடுக்காதீர்கள் ஐயா.

மறுமொழி 2: பட்டயக் கணக்காளர், மதுரை

பேராசிரியர் கூறியதை மதிக்கிறேன். ஆயினும் வருவாயின் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். மூன்று ஆண்டு முடிவில் வேலை தேடும் நிலையில் இருக்கும் குடும்பத்துக்கு பி.காம். கூடுதல் பாதுகாப்பு தருகிறது, ஏனெனில் ஜி.எஸ்.டி. படிவம் தாக்கல் செய்யவும் ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) தயாரிக்கவும் தெரிந்தவருக்கு எந்தச் சிறு நகரத்திலும் வேலை இருக்கிறது. பொருளியல் இளங்கலைப் பட்டம் மட்டும் பெற்றவருக்கு அவ்வாறான நேரடித் தொழில் ஒன்றும் இல்லை. அடுத்து முதுகலை படிப்பதாக இருந்தால்தான் அதன் பலன் முழுமையாகத் தெரியும்.

ஆனால் பொருளியல் படித்தால் சி.ஏ. எழுத முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பிளஸ் டூ முடித்த எவரும் சி.ஏ.வின் முதல் நிலையான பவுண்டேஷன் தேர்வு எழுதலாம். அதன் நான்கு தாள்களில் ஒன்று வணிகப் பொருளியல்தான். பட்டம் பெற்ற பிறகு நேரடியாக அடுத்த நிலையான இன்டர்மீடியட்டில் சேர வணிகவியல் பட்டதாரிக்கு 55 விழுக்காடும், மற்றவர்களுக்கு 60 விழுக்காடும் மதிப்பெண் வேண்டும். 2023இல் வந்த புதிய திட்டத்தில் ஆர்டிகிள்ஷிப் (பட்டயக் கணக்காளரிடம் பெறும் நேரடிப் பயிற்சி) மூன்று ஆண்டுகளிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. வங்கித் தேர்வுகளுக்கும் எம்.பி.ஏ.வுக்கும் எந்தப் பட்டமும் போதும்.

மறுமொழி 3: பொருளியல் ஆய்வாளர், சென்னை

இருவரும் தொடாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்: கணிதம். பெரும்பாலான பெற்றோர் பொருளியலைக் கலைப் பாடமாகக் கருதிக் கணிதத்துக்கு அஞ்சும் பிள்ளைகளை அதில் சேர்க்கிறார்கள், அந்தப் பிள்ளைகள் முதுகலைக்கு வரும்போது மிகவும் துன்பப்படுகிறார்கள். முதுகலையில் நுண்ணினப் பொருளியலின் முதல் வாரத்திலேயே வகைநுண்கணிதம் (கால்குலஸ்) வந்துவிடும். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் முதுகலைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வில் கணிதத்துக்கே தனி இடம் உண்டு. தில்லிப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஆனர்ஸ் பொருளியலுக்கு 12ஆம் வகுப்பில் கணிதம் கட்டாயம். 2022 முதல் சியூஇடி என்னும் பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வு வழியாகவே சேர்க்கை நடக்கிறது. நம் மாநிலப் பாடத்திட்டத்தின் வணிகக் கணிதத்தைக் கணிதமாக ஏற்பார்களா என்பதை, வெளிமாநில நிறுவனம் எதுவாயினும், அதன் சேர்க்கை விதிகளில் பார்த்துவிட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

யூ.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வுக்குப் பொருளியலிலோ அதன் கிளைத் துறைகளிலோ முதுகலைப் பட்டம் வேண்டும், எம்.காம். பட்டம் அதற்குச் செல்லாது. பி.காம். முடித்து எம்.ஏ. பொருளியலுக்கு மாறியவர்கள் உண்டு, ஆனால் விடுபட்ட கணிதத்தையும் புள்ளியியலையும் அவர்கள் தாமாகவே கற்க வேண்டியிருக்கும்.

ஆகவே கல்லூரியின் பெயரை வைத்து முடிவு செய்யாமல் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள் ஐயா. கணித முறைகள், புள்ளியியல், பொருளாதார அளவையியல் (பொருளாதாரத் தரவுகளைப் புள்ளியியல் முறையில் ஆராய்வது) ஆகிய மூன்றும் கட்டாயப் பாடங்களாக இருந்தால் அது நல்ல பட்டம். அவற்றுக்கு மாற்றாகப் பொதுவான தாள்கள் நிரம்பியிருந்தால் நான் தயங்காமல் பி.காம். பக்கமே சாய்வேன்.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மகளோடு உட்கார்ந்து அருகிலுள்ள தன்னாட்சிக் கல்லூரி ஒன்றின் பாடத்திட்டத்தைப் பார்த்தோம். கணித முறைகளும் புள்ளியியலும் கட்டாயமாக இருக்கின்றன. அளவையியல் மூன்றாம் ஆண்டில் விருப்பப் பாடமாக மட்டுமே இருக்கிறது. அவளுக்குக் கணிதத்தில் அச்சமில்லை. இது போதுமா?

மறுமொழி 3 எழுதியவர்

போதும் ஐயா. ஆனால் போதிய மாணவர்கள் எடுக்காவிட்டால் விருப்பப் பாடத்தை நடத்தாமல் விட்டுவிடுவது பல கல்லூரிகளில் வழக்கம். ஆகவே கடந்த ஆண்டுகளில் அந்தத் தாள் உண்மையில் நடத்தப்பட்டதா என்று, சேர்க்கைக் கட்டணம் செலுத்துவதற்கு முன்பாகவே துறைத் தலைவரிடம் நேரில் கேட்டுவிடுங்கள். கணக்குப்பதிவியலையும் அவள் மறந்துவிட வேண்டாம். விடுமுறை நாள்களில் உங்கள் கடை ஏட்டை எழுதப் பழகினால் நிறுவனங்களின் ஐந்தொகையைப் படிக்கும் திறன் அவளிடம் நிலைக்கும், அது பல பொருளியல் மாணவர்களிடம் இல்லாத ஒன்று.