மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததிலிருந்து டாடா 407 வண்டி காலையில் ஸ்டார்ட் ஆக அழுகிறது: டீசல் பம்பை இறக்கத்தான் வேண்டுமா?

மண்டபம் மீன்வண்டி:

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 1999 மாடல் டாடா 407. டர்போ இல்லாத பழைய எஞ்சின், டீசலை அழுத்தி அனுப்புவது இன்லைன் வகைப் பம்ப். பின்னால் ஐஸ் பெட்டி கட்டி மண்டபத்திலிருந்து மதுரைக்கு நண்டு, கணவாய் ஏற்றிப் போகிறேன். ஏப்ரல் 15-ல் தடைக்காலம் ஆரம்பித்ததும் வண்டியை வீட்டுக்குப் பின்னால் பனை மரத்தடியில் போட்டேன். டேங்கில் கால்வாசி டீசல் இருந்தது. வாரம் ஒருதரம் ஸ்டார்ட் செய்து விட வேண்டும் என்றுதான் இருந்தேன். அக்கா மகள் கல்யாண வேலையில் அது விட்டுப் போயிற்று.

61 நாள் கழித்து எடுத்தபோது பிடித்த தொந்தரவு இன்னும் விடவில்லை. ராத்திரி நிறுத்தி அதிகாலை 3 மணிக்குச் சாவி போட்டால் ஏழெட்டுத் தரம் செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) அடிக்க வேண்டியிருக்கிறது. அடிக்கும்போது புகைக்குழாயில் புகையே இல்லை. திடீரென்று ஒரு சிலிண்டர் பிடிக்கும், வண்டி உதறும், அப்புறம் எல்லாம் பிடித்துச் சீராகிவிடும். அதன்பின் உச்சிப்புளி, ராமநாதபுரம், பரமக்குடி தாண்டி மதுரை வரை ஒரு குறையும் இல்லை. வழியில் டீக்கு நிறுத்தி எடுத்தால் தொட்டதும் ஸ்டார்ட்.

பேட்டரி புதிது போட்டேன். டீசல் ஃபில்டர் இரண்டும் மாற்றினேன். ஒரு பட்டறையில், பம்ப் தேய்ந்துவிட்டது, பம்பையும் சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலையும் இறக்கியாக வேண்டும், 18,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். இரண்டு மாதம் வருமானம் இல்லாமல் இருந்துவிட்டு இப்போது அந்தப் பணத்துக்கு நான் எங்கே போவேன்? நாலு மணிக்குள் லோடு ஏறாவிட்டால் வியாபாரி அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கீழக்கரை லோடுகாரன்:

தம்பி, கால் டேங்கோடு நிறுத்தியது முதல் தப்பு. மீதி இடமெல்லாம் கடல் காற்றுதானே, ராத்திரி குளிர்ந்தால் டேங்க் சுவரில் ஈரம் கோத்து அடியில் இறங்கிவிடும். டேங்க் அடிப் போல்ட்டைக் கழற்றி ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து ராத்திரி முழுக்க அசைக்காமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் காலையில் அடியில் கோடு போட்ட மாதிரி பிரிந்து நிற்கும். எனக்குப் போன வருடம் அரை டம்ளர் வந்தது. டேங்க் மூடியில் இருக்கும் சின்னக் காற்று ஓட்டையையும் குத்திவிடுங்கள். அது அடைத்தால் ஓட ஓட இழுவை குறையும்.

ராம்நாடு பம்ப் பெஞ்ச்:

நான் ராமநாதபுரத்தில் முப்பது வருடமாக டீசல் பம்ப் வேலைதான் பார்க்கிறேன். பம்ப் இறக்கினால் எனக்கும் என் போன்றவர்களுக்கும்தான் வருமானம். ஆனாலும் சொல்கிறேன் தம்பி, இப்போதைக்குப் பம்பைத் தொடாதீர்கள்.

காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. பம்பில் டீசலைத் தள்ளும் தண்டான பிளஞ்சர் தேய்ந்திருந்தால் சூட்டில்தான் அதிகம் தொந்தரவு தரும். சூட்டில் டீசல் இளகி, தேய்ந்த இடைவெளி வழியாக நழுவிவிடும். மதுரை போய் நிறுத்தி எடுக்கும்போதுதான் உங்களுக்கு அழுதிருக்க வேண்டும். உங்கள் வண்டி நேர்மாறாக, நெடுநேரம் நின்றால் மட்டும் அழுகிறது. செல்ஃப் அடிக்கும்போது புகையே வரவில்லை என்றீர்கள். எரியாத டீசல் உள்ளே போயிருந்தால் வெள்ளைப் புகை வந்தே தீரும். புகை இல்லையென்றால் டீசலே சிலிண்டருக்குப் போய்ச் சேரவில்லை. ராத்திரியில் லைனில் இருந்த டீசல் டேங்குக்கே இறங்கிவிடுகிறது. எங்கோ காற்று நுழைகிறது.

இதில் எல்லோரும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. டேங்கிலிருந்து டீசலை இழுத்துப் பெரிய பம்புக்குக் கொடுக்கும் சின்ன பம்புக்கு ஃபீட் பம்ப் என்று பெயர். டேங்கிலிருந்து அது வரை உள்ள லைன் உறிஞ்சும் லைன். அங்கே ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே சொட்ட வேண்டும் என்பதில்லை, காற்றுதான் உள்ளே போகும். அதனால் ஈரமான இடத்தைத் தேடிக்கொண்டே இருப்பார்கள், கோளாறு காய்ந்த இடத்தில் இருக்கும். ஃபீட் பம்ப்புக்குப் பின்னால், ஃபில்டர் பக்கம் கசிந்தால்தான் ஈரம் தெரியும்.

நாளைக் காலை சாவி போடுவதற்கு முன் ஃபீட் பம்ப் மேல் இருக்கும் கை பம்பை முப்பது நாற்பது தரம் அடியுங்கள். முதலில் லேசாகப் போய் அப்புறம் கனத்தால் லைன் காலியாக இருந்தது என்று அர்த்தம். கனத்த பிறகு சாவி போட்டால் உடனே எடுக்க வேண்டும்.

மறுநாள் இன்னொன்று செய்யுங்கள். ராத்திரி வண்டியை நிறுத்தியதும், ஃபீட் பம்ப்புக்கு வரும் டேங்க் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு சுத்தமான 5 லிட்டர் கேனிலிருந்து ஹோஸ் மாட்டுங்கள். கேன் டேங்க் இருக்கும் உயரத்திலேயே இருக்கட்டும். கையால் அடித்து, ஃபில்டர் மேல் உள்ள ஏர் திருகைத் தளர்த்தி நுரை நிற்கும் வரை விட்டு இறுக்குங்கள். காலையில் தொட்டதும் ஸ்டார்ட் ஆனால் பம்ப், நாசில் எல்லாம் நல்லது, கோளாறு டேங்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவில். அப்படியும் அழுதால் கை பம்பின் அடி வாஷர், ஃபீட் பம்ப் வால்வு, ஃபில்டர் காஸ்கெட், பேஞ்சோ போல்ட் (டீசல் உள்ளே ஓட ஓட்டை போட்ட போல்ட்) காப்பர் வாஷர், மிச்ச டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் லைன் எல்லாம் பார்க்க வேண்டும். பழைய காப்பர் வாஷரை அப்படியே திரும்பப் போடாதீர்கள். இறுகிப்போய் உட்காராது. புதிது கிடைக்காத நேரத்தில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மெத்தென்று ஆகும்.

இன்னொன்று, செல்ஃபை ஒரேயடியாக அடிக்காதீர்கள். 10 விநாடி அடித்தால் ஒரு நிமிடம் விடுங்கள். நாசிலுக்கு வரும் பைப்பின் நட்டை (யூனியன்) தளர்த்தி லைனில் உள்ள காற்றை எடுக்கும்போது முகத்தையும் கையையும் தள்ளி வையுங்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலுக்குள் இறங்கிவிடும்.

பாம்பன் போட் மெக்கானிக்:

அண்ணன் சொல்வது சரி. படகிலும் இதே பாடுதான். ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்க நாங்கள் டேங்க் வாயில் துணி சுற்றிக் காற்று அடிப்போம். உறிஞ்சுகிற இடம் அப்போது சொட்டிக் காட்டிக்கொடுக்கும்.

ராம்நாடு பம்ப் பெஞ்ச்:

அது நல்ல வழிதான். ஆனால் கம்ப்ரசர் காற்று வேண்டவே வேண்டாம், பழைய டேங்க் உப்பிவிடும். சைக்கிள் பம்பில் நாலு அடி போதும், பக்கத்தில் பீடி, நெருப்பு கூடாது. தம்பி, உங்களுடையது மீன் வண்டி. ஐஸ் பெட்டித் தண்ணீர் எந்த இடத்தில் சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) மேல் விழுகிறது என்று முதலில் பாருங்கள்.

மண்டபம் மீன்வண்டி:

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். சொன்ன வரிசையிலேயே செய்தேன்.

பாட்டிலில் தண்ணீர் கொஞ்சம் நின்றது கீழக்கரை பாய், ஒரு விரல் அளவு. டேங்கைக் கழுவிவிட்டேன். ஆனால் காலையில் அழுகை நிற்கவில்லை. மறுநாள் கை பம்ப் அடித்தேன். இருபது வரை பஞ்சு மாதிரி போயிற்று, முப்பதுக்கு மேல் கல் மாதிரி ஆனது. சாவி போட்டதும் எடுத்துவிட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது அண்ணே. அதற்கு மறுநாள் கேன் வைத்துப் பார்த்தேன், ஒரே அடியில் ஸ்டார்ட்.

அப்புறம் கீழே படுத்து ஐஸ் பெட்டியின் தண்ணீர் ஓட்டையைத் தேடினேன். அதற்கு நேர் கீழே, சேஸிஸ் ஓரம் போகும் இரும்பு டீசல் பைப்பைக் கிளிப் பிடித்திருக்கும் இடம். இத்தனை வருடமாக மீன் தண்ணீர் அதே இடத்தில்தான் சொட்டியிருக்கிறது. கிளிப்பைக் கழற்றினால் அடியில் பைப் செதில் செதிலாக உரிகிறது. வெளியே ஒரு பொட்டு டீசல் இல்லை. சைக்கிள் பம்பில் மூன்றாவது அடிக்கு ஊசி முனை அளவு ஒரு துளி வந்து நின்றது.

பைப்பை முழு நீளத்துக்கும் மாற்றிவிட்டேன். இரண்டு பக்க ஹோஸும் கிளிப்பும் புதிது. எல்லாம் சேர்த்து 1,400 ரூபாய். மூன்று நாளாக ஒரே அடியில் எடுக்கிறது.

ராம்நாடு பம்ப் பெஞ்ச்:

ரொம்பச் சந்தோஷம் தம்பி. பெட்டி ஓட்டையில் ஒரு ஹோஸ் மாட்டி, தண்ணீர் சேஸிஸுக்கு வெளியே தரையில் விழுகிற மாதிரி இறக்கிவிடுங்கள். அதே பக்கத்தில் பிரேக் பைப்பும் போகிறது. அந்தக் கிளிப்புகளையும் இந்த வாரமே கழற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் லோடு ஏற்றுங்கள்.