புதுப்பிப்பு: ஹால் டிவி கணினிக்கு ஆப் தேடியது

பழைய மினி பிசியை டிவியோடு இணைத்திருக்கிறேன், சோபாவில் இருந்தே படம் பார்க்க எந்த ஆப் நல்லது என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் சொன்ன ‘கோடி’ (Kodi) என்ற ஆப்பையே லினக்ஸில் போட்டேன். ஹார்டு டிஸ்கில் இருக்கும் படங்களுக்கு அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. 2014 வரை எக்ஸ்பிஎம்சி என்றிருந்தது இதுதான். டிவியில் மாட்டி விளையாடும் எக்ஸ்பாக்ஸ் கேம் பெட்டிக்காகப் பிறந்ததால் எழுத்தெல்லாம் தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரிகிறது.

தலைவலி ஓடிடியில்தான். ஓடிடி படங்களை நகலெடுக்க முடியாமல் பூட்டும் வைட்வைன் பாதுகாப்பு, லினக்ஸ் பிரவுசரில் எல்3 என்ற கீழ்மட்டத்தில் நின்றுவிடுகிறது. 4கே சந்தா கட்டினாலும் பல சேவைகள் அங்கே தெளிவைக் குறைத்துத்தான் தரும். எல்1 என்ற மேல்மட்டம் வேண்டுமென்றால் சான்று பெற்ற கருவி தேவை. வீட்டில் பஞ்சாயத்து வேண்டாமென்று ஓடிடிக்கு மட்டும் தனியாக ஒரு ஆண்ட்ராய்டு டிவி பெட்டி வாங்கிவிட்டேன்.

அப்புறம் ரிமோட். பெரும்பாலான பிசிகளின் எச்டிஎம்ஐயில் சிஇசி (டிவி ரிமோட்டின் கட்டளையைக் கேபிள் வழியே அனுப்பும் வசதி) கிடையாது, அதனால் டிவி ரிமோட் எடுபடாது. ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. நான் கையில் பிடித்து அசைத்தாலே திரையில் அம்பு நகரும் யூஎஸ்பி ஏர் மவுஸில் ஓட்டுகிறேன். அம்மாவுக்கு அது இன்னும் பிடிபடவில்லை.

ஒரு கணினியில் இருக்கும் படங்களை வீட்டின் மற்ற டிவிகளுக்கும் அனுப்பும் ஜெல்லிஃபின் ஆப்பைச் சொன்னவர்களே, அடுத்து அதுதான். படுக்கையறை டிவிக்கும் சேர்த்து.